முனியன் காது வைத்த குழாய்

சாயங்காலம் ஆறரை மணி. முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி, கடைசி டீக்கடையையும் தாண்டி, ஏரிப் பக்கம் திரும்புகிற மண் ரோடு. கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. ஒரு பக்கம் சீமைக் கருவேலம். இன்னொரு பக்கம் மனை பிரித்து நட்ட மஞ்சள் கல். ஆள் இல்லை... நாய்கூட இல்லை. அந்த ரோட்டில் ஒரே ஒரு பைக் போகிறது. ஓட்டுகிறவன் நிர்மல். பின்னால் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவனுடைய அக்கா கணவர், ஞானசேகரன்.

நிர்மலை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். என்னோடு வேலை செய்கிறவன். போன பொங்கலுக்கு இதே மொட்டை மாடியில் உட்கார்ந்து கரும்பு தின்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது, அந்த அளவுக்குக் கற்பனை கிடையாது. அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். மேனாம்பேடு முழுக்க இருட்டு, கரண்ட் இப்போதைக்கு வராது. ஜெகதீஷ், அந்த டார்ச்சை அணை. பயமாக இருந்தால் கீழே போ, டார்ச் அடிக்காதே.

ஞானசேகரனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செத்தவர்களைப் பற்றி மட்டமாகப் பேசக் கூடாது என்பார்கள். அவர் சாகவில்லை. அதனால் பேசலாம்.

அப்படி ஓர் அற்ப மனிதரை நான் பார்த்ததில்லை. கரூர்ப் பக்கத்துக்காரர். அம்பத்தூரில் கண்ணாடி போட்ட கட்டடத்தில், ஏசியில் வேலை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிற பையனுக்கு ரசம் ஊற்றக் கற்றுக்கொடுப்பார். மனைவி கனிமொழி வாயைத் திறந்தால், வாக்கியம் முடிவதற்குள் "உனக்கென்ன தெரியும்?" என்பார். சிரிப்பதுகூட வாயால் இல்லை. மூக்கால். ஹ்ம்... என்று ஒரு காற்று.

அவருடைய வேலை கிணறு. தண்ணீர்க் கிணறு இல்லை, எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் கிணறு. எங்கேயோ வெளிநாட்டில் ஆயிரக்கணக்கில் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அதில் எது ஓடுகிறது, எது நின்றிருக்கிறது என்று கணினியில் ஒரு வரைபடம். கிணற்றுக்கு ஒரு புள்ளி. ஓடுகிற கிணறு பச்சை. வால்வைத் திருகி மூடி வைத்தது மஞ்சள். சிமென்ட் ஊற்றி நிரந்தரமாக அடைத்தது சாம்பல். எந்தப் புள்ளிக்கு எந்த நிறம் என்று முடிவு செய்கிறவர் இவர்.

"மஞ்சளைப் பார்த்து ஏமாறக் கூடாதுடா," என்று நிர்மலிடம் சொல்வாராம். "அது வாயை மூடியிருக்கு, அவ்வளவுதான். அடியில அழுத்தம் அப்படியே இருக்கும். சாம்பல்னாதான் பொணம். நான் ஒரு கிளிக் பண்ணா பொணம்."

இத்தனைக்கும் அவர் ஒரு கிணற்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு புரமோட்டர் அவரைத் தேடி வந்தான். முத்தாபுதுப்பேட்டை தாண்டி அவனுக்குப் பெரிய நிலம். அடுக்குமாடி கட்ட வேண்டும். நடுவில் ஒரு தொல்லை. ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஏதோ ஒரு துறை அங்கே எரிவாயு தேடித் துளை போட்டுப் பார்த்திருக்கிறது. குழாயும் வால்வும் இன்னும் நிற்கின்றன. 'இது நிரந்தரமாக அடைக்கப்பட்ட கிணறுதான், ஆபத்தில்லை' என்று விவரம் தெரிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த ஒரு கையெழுத்துக்கு, தரைத் தளத்தில் மூலை வீடு ஒன்று ஞானசேகரனுக்கு.

மனுஷன் வீட்டிலிருந்தே போட்டிருப்பார். ஆனால் கிணற்றுப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்று புரமோட்டர் கேட்டுவிட்டான். புதுக் காரில் புழுதி படும். அதனால் மைத்துனனின் பைக்.

நிலத்துக்கு வாசலில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. உள்ளே கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வாட்ச்மேன் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். பேர் டில்லிபாபு. உள்ளூர்க்காரன். ஞானசேகரன் எதிரே போய் நின்றார். அவன் நிமிர்ந்து பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான்.

"ஆள் வந்தா எந்திரிக்க மாட்டியா?"

"எந்திரிச்சு இன்னா பண்ணணும்? அதோ கீது குழாய். பாத்துக்கினு போ."

கொட்டகைக்கு இருபதடி தள்ளிச் சதுரமாக ஒரு சிமென்ட் குழி. நெஞ்சளவு ஆழம். குழிக்கு நடுவில் தொடை கனத்துக்கு ஓர் இரும்புக் குழாய். அதன் தலையில் துருப்பிடித்த சக்கரம் போல வால்வு. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு வாடை... அழுகின முட்டை வாடை. காற்று போனால் வாடையும் போய்விடும்.

"குழியில எறங்காதே," என்றான் டில்லிபாபு. நாற்காலியை விட்டு எழவில்லை. "எங்க சித்தப்பா அதுலதான் பூட்டாரு."

"குடிச்சிட்டு விழுந்தாரா?"

டில்லிபாபு அவரைப் பார்த்த பார்வை, செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை என்று நிர்மல் சொன்னான். அவரைப் பார்த்து அவன் அதற்கப்புறம் பேசவில்லை. நிர்மலிடம்தான் சொன்னான்.

சித்தப்பா பேர் முனியன். இந்த நிலமெல்லாம் நெல் விளைந்த காலத்தில் இங்கே கூலிக்கு நடவு நட்டவர். துளை போட வந்த துறைக்காரர்கள் ஏதோ கொஞ்சம் வாயு வருகிறது, போதாது என்று வால்வைத் திருகி மூடினார்கள். திரும்பி வருவோம் என்றார்கள். முனியனைக் காவலுக்கு வைத்தார்கள். ஒரு காக்கிச் சட்டையும் ஸ்பானரும் கொடுத்து, தினமும் சாயங்காலம் குழாயைத் தட்டு, காதை வைத்துக் கேள், உள்ளே சத்தம் இருந்தால் எங்களிடம் சொல் என்றார்கள். கொஞ்ச நாள் ஜீப் வந்தது. அப்புறம் வரவில்லை. துறையில் ஆள் மாறினார்கள், ஆபீஸ் மாறியது. முனியனை மறந்தே போனார்கள்.

வேலை முடிந்துவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் அவர் போய்க்கொண்டே இருந்தார். வருஷக் கணக்கில். பிள்ளைகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போனார்கள், பெண்டாட்டி செத்தாள். இவர் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு நாள் திரும்பவில்லை.

"போய்ப் பாத்தா குழியில குந்திகினு கீறாரு," என்றான் டில்லிபாபு. "குழாய்ல காத வெச்சுகினு... கண்ணு தொறந்துகினு கீது. ஏதோ கேட்டுகினு கீற மாரியே. உசுரு இல்ல."

ஞானசேகரன் மூக்கால் சிரித்தார். "ஓர் ஆளை நிறுத்தினா, நிறுத்திட்டோம்னு வீட்டுக்கு வந்து வேற சொல்லணுமா? புத்தியிருந்தா அவனே புரிஞ்சுக்க வேண்டியதுதானே!"

சொல்லிவிட்டுக் குழியில் இறங்கினார். வால்வுமேல் ஒரு காலைத் தூக்கி வைத்தார். புலியைச் சுட்டவன் நிற்பது போல. "எடுடா," என்றார். நிர்மல் எடுத்தான்.

அதோடு ஏறி வந்திருக்கலாம். வரவில்லை. கீழே கிடந்த கல்லை எடுத்துக் குழாயில் தட்டினார்.

டங்...

"கேட்டியாடா? பொணம்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் குழாய்க்குள்ளிருந்து... அடியிலிருந்து...

டங்.

எதிரொலி என்றால் உடனே வரும். இது உடனே வரவில்லை. யோசித்துவிட்டு வந்தது மாதிரி வந்தது. நிர்மல் போனைப் பையில் போட்டான். "மாமா, ஏறுங்க."

"இரும்பு வெயில்ல சூடாகி இப்ப ஆறுது. அந்தச் சத்தம். படிச்சிருந்தா தெரியும் உனக்கு." இந்தத் தடவை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினார்.

கீழேயிருந்து இரண்டு முறை தட்டியது.

அந்த நேரத்தில் முட்டை வாடை நின்றுவிட்டது. சுத்தமாக இல்லை. காற்று நல்லதாகிவிட்டது என்று நிர்மல் நினைத்தானாம். பிறகு ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் சொன்னார்... அந்த வாயு அதிகமானால் முதலில் சாவது மூக்குதான்.

ஞானசேகரன் குனிந்தார். "இரு. இவன் சித்தப்பா என்ன சொல்றாருன்னு கேட்டுச் சொல்றேன்." வலது காதைக் குழாயில் வைத்தார்.

பேச்சு நின்றது.

"மாமா?"

அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நிர்மல் பார்த்துப் பார்த்து வெறுத்த முகம் அது. யாரைப் பார்த்தாலும் ஒரு பக்கம் கோணுகிற உதடு. அந்தக் கோணல் மெதுவாக நேரானது. முழங்கால் மடங்கியது. குழிக்குள் குந்தி உட்கார்ந்தார். வலது கையைத் தூக்கினார்... வாயைப் பொத்திக்கொண்டார். பெரிய இடத்து ஆளிடம் பேசுகிற கூலிக்காரன் பொத்துவான் பாருங்கள், அப்படி.

பிறகு பேசினார். கரூர்ப் பேச்சு இல்லை.

"கீது சார்."

எதையோ கேட்பது போலக் கொஞ்சம் இடைவெளி.

"உயிரோட கீது சார்... நான் எங்கியும் போல சார். இங்கியேதான் கீறேன்."

ஞானசேகரனுக்காக எழுந்திருக்காத டில்லிபாபு அப்போது எழுந்து நின்றான்.

நிர்மல் குழிப் பக்கம் ஓடினான். டில்லிபாபு பாய்ந்து சட்டையைப் பிடித்தான். "எறங்காதே! ரெண்டு பேரும் பூடுவீங்க!" கொட்டகைக்கு ஓடிக் கயிறு கொண்டுவந்தான். நிர்மலின் இடுப்பில் கட்டினான். "மூச்ச அடக்கிக்கோ. உள்ள உடவே உடாத. நான் இழுக்கறேன்."

நிர்மல் நிஷாவை நினைத்துக்கொண்டான். அவனுடைய அக்கா பெண், அப்போது இரண்டாம் வகுப்பு. மாமாவுக்காக இறங்கியிருக்க மாட்டேன், அந்தக் குழந்தைக்காக இறங்கினேன் என்று என்னிடமே சொன்னான். குதித்தான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். உடம்பு வந்தது. காது வரவில்லை. பசை போட்டு ஒட்டியது போல இரும்போடு நின்றது. மார்பு வெடிக்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். பிய்ந்து வந்தது. தோல் கொஞ்சம் குழாயிலேயே நின்றுவிட்டது.

ஆவடியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விஷ வாயு, அதனால் புத்தி கலங்கி உளறியிருப்பார் என்றார் டாக்டர். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. மறுநாள் கண் திறந்ததும் ஞானசேகரன் கேட்ட முதல் கேள்வி, போட்டோ நன்றாக வந்ததா என்பது.

அன்றைக்குக் கனிமொழி வாழ்க்கையில் முதல் தடவையாக வாக்கியத்தை முடித்தாள். "கையெழுத்துப் போடாதீங்க. அங்க குழந்தை குட்டியோட ஜனங்க குடிவரப் போறாங்க. அது அடைச்சது இல்லை, உயிரோட இருக்குன்னு உங்க வாயாலயே சொல்லியிருக்கீங்க."

"உனக்கென்ன தெரியும்?"

நிர்மலும் கெஞ்சினான். அவர் காதில் கட்டோடு, படுக்கையில் சாய்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். நிரந்தரமாக அடைக்கப்பட்டது. ஆபத்து இல்லை. புரமோட்டர் ஆப்பிள் பையோடு வந்து வாங்கிக்கொண்டு போனான். குழியைக் கான்கிரீட் போட்டு மூடி, அதன் மேலேயே கட்டடம் எழுப்பினான். நாமும் பார்த்தோமே, பட்டாபிராம் போகிற வழியெல்லாம் விளம்பரம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் குளியலறையில் டங் என்று சத்தம். கனிமொழி கதவைத் தள்ளிப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயில் கட்டுப் போட்ட காதை வைத்துக் குந்தியிருந்தார். வாயைப் பொத்தியிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, "காத்து அடைச்சிருக்கு, பார்த்தேன்," என்று எரிந்து விழுந்தார். மறுநாளும் அதே நேரம். மூன்றாம் நாள் அவள் கதவைத் தள்ளவில்லை. வெளியே நின்று கேட்டாள்.

"கீது சார்..."

அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அவர் பேசவே மாட்டார். அப்படிப் பேசுகிறவர்களைக் கேலி செய்தே பாதி வாழ்க்கையை ஓட்டியவர்.

ஆபீஸில் வேறு கூத்து. ஒரு சாயங்காலம் தன் பொறுப்பில் இருந்த சாம்பல் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பச்சையாக மாற்றிவிட்டார். அடைத்துப் பல வருஷமான கிணறுகள். மேலதிகாரி ஓடி வந்து கத்தினார். ஞானசேகரன் நாற்காலியை விட்டு எழுந்து, குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு, "எல்லாம் உயிரோட கீது சார்" என்றார். கூட இருந்தவர்கள் லிஃப்டில் ஏறுகிறவரை சிரிப்பை அடக்கிக்கொண்டார்களாம், பிறகு சிரித்தார்களாம். இவரிடம் அத்தனை வருஷம் பட்டவர்கள், சிரிக்கட்டும். வேலை போயிற்று. அந்த வெளிநாட்டுக் கம்பெனி மட்டும் சந்தேகத்துக்கு அந்தக் கிணறுகளில் ஒன்றைப் போய்ப் பார்த்ததாம். போனவர்கள் அன்றைக்கே அதைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

கட்டடம் முடிந்து ஜனங்கள் குடிவந்த பிறகு ஒரு நாள் ஞானசேகரன் வீட்டை விட்டுப் போனார். கனிமொழிக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. நிர்மலைக் கூட்டிக்கொண்டு நேராக அங்கேதான் போனாள்.

அடுக்குமாடி நிரம்பியிருந்தது. பால்கனிக்குப் பால்கனி துளசித் தொட்டி, சைக்கிள். குடிவந்த புதிதில் ஏதோ வாடை வருகிறது என்று வாட்ஸ்ஆப் குழுவில் சண்டை போட்டார்களாம். சாக்கடைதான் என்று முடிவு செய்து ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்தார்கள். இப்போது வாடையே இல்லை, சங்கத்துக்கு நன்றி என்று ஆளாளுக்குக் கைகூப்பினார்கள். படித்த ஜனங்கள்.

கேட்டில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். வலது காதில் தோல் பிய்ந்த வடு. காக்கிச் சட்டை. சாயம் போய், தோளில் கிழிந்து, அவர் அளவுக்கு ரொம்பச் சின்னது. யார் கொடுத்தது என்று தெரியவில்லை. கனிமொழியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"யாரப் பாக்கணும்மா?"

அவள் மெதுவாக, "ஞானசேகரனைப் பார்க்கணும்," என்றாள்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்கிறான் நிர்மல். நடிப்பு இல்லை. "அப்டி யாரும் இங்க இல்லியேம்மா."

அவளிடம் அவ்வளவு மரியாதையாக அவர் அதற்கு முன் பேசியதில்லை. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் ஓடிப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவள் குடிக்கவில்லை. நிஷாவை அழைத்துக்கொண்டு கரூரில் மாமியார் வீட்டுக்கே போய்விட்டாள்.

நிர்மல் மட்டும் அவ்வப்போது சாப்பாடு எடுத்துக்கொண்டு போவான். வாங்கிக்கொள்வார், கும்பிடுவார். குடியிருப்பவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து ஹாரன் அடித்தால் கேட்டைத் திறக்க மாட்டார். கார் நிறுத்துகிற இடத்தின் மூலையில், தரையில் காதை வைத்துப் படுத்திருப்பார். 'உதவாக்கரை வாட்ச்மேன்' என்று போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார்கள். அவரை வேலைக்கு வைத்தது யார் என்று சங்கத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். யாரும் வைக்கவில்லை.

போன மாதம் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் நிர்மல் டில்லிபாபுவைப் பார்த்தான். அவன் அந்தக் காவல் வேலையை எப்போதோ விட்டுவிட்டான். இப்போது ஏதோ குடோனில் வேலை. அவனைப் பார்த்ததும் நிர்மலுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. நடைமேடை என்றும் பார்க்காமல் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"உன் சித்தப்பாவை மறந்தது எவனோ ஆபீஸ்காரன். எங்க மாமா ஒரு வார்த்தை கேவலமாப் பேசினாரு, ஒத்துக்கறேன். அதுக்காக அவரைப் புடிச்சு வெச்சுக்குவாரா? ஒரு குடும்பமே போச்சுய்யா!"

டில்லிபாபு அவன் கையை எடுத்துவிட்டான். கோபப்படவில்லை. ஒன்றும் தெரியாதவனைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்தான்.

"சித்தப்பா புடிச்சாரா? நல்லா சொன்னே போ. நான் சின்னப் புள்ளையா கீறச்சொல்லோ அவரு பின்னாடியே போய்ப் பாத்துகீறேன் நைனா. அவரும் இத்தையேதான் சொல்லிகினு இருப்பாரு. வாயப் பொத்திகினு, கீது சார், கீது சார்னு..."

ரயில் வந்து நின்றது. அவன் கம்பியைப் பிடித்து ஏறினான். ஏறி, திரும்பி, நிர்மலின் முகத்துக்கு நேராகக் குனிந்தான்.

"அவரு பதில் சொல்லிகினு இருந்த ஆளுய்யா. கீழ இருந்து கேள்வி கேக்கறது அவரு இல்ல."